கிடை இடம் மாறிய காலை

நோய் மாதிரியை அனுப்பிய நிலையத்துக்கு ஆய்வின் முடிவைத் தாமதமின்றி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எந்தக் கால்நடையிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டதோ அதன் உரிமையாளருக்கு அந்த முடிவை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். விதி இவ்வளவுதான். கால்நடைத் துறையில் நான் மனப்பாடமாக வைத்திருந்த அறிவுரைகளில் இது கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் வரும். அதற்கு அடுத்தது, உடைந்த ஐஸ் பெட்டிகளைக் கணக்கிலிருந்து நீக்கும் முறை. உடைந்த பெட்டிகளை நாங்கள் எல்லோரும் ஒழுங்காக நீக்கினோம்.

அந்த விதியை நினைத்தால் எனக்கு ஆட்டுக்குத் தழை வளைக்கும் ஒரு தொரட்டிக் கம்பு ஞாபகம் வரும். கோவில்பட்டியில் எங்கள் அலுவலக வாசலில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு வேம்பு உண்டு. அதில் அந்தக் கம்பு சாய்ந்திருந்தால் ஆட்டுக்கிடை வைத்திருக்கும் கிடைக்காரர் உள்ளே வந்திருக்கிறார் என்று பொருள். கம்போடு உள்ளே வரக் கூடாது என்று எங்கள் காவலர் ஒருமுறை சொல்லிவிட்டார். அப்படி ஒரு விதி எங்குமே இல்லை. ஆனால் கிடைக்காரர் அதன்பின் ஒருநாளும் கம்போடு உள்ளே வந்ததில்லை. இல்லாத விதிகளை மதிப்பவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். இருக்கிற விதிகளுக்குத்தான் ஆள் கிடைக்காது.

உள்ளே வந்து, என் மேசைக்கு எதிரே உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்பார்.

"என்ன டாக்டரய்யா, நம்ம ஆட்டு ரிசல்ட்டு வந்துட்டா?"

"இன்னும் வரல அண்ணாச்சி."

"மெட்ராஸ்ல இருந்து நடந்து வருதோ. நம்ம கால் ஒடிஞ்ச கெடான்னாக்கூட இந்நேரம் வந்து சேந்துருக்குமே."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகும் நாற்காலியின் முதுகை விடாமல் கொஞ்ச நேரம் நிற்பார்.

அவர் புதூர்ப் பக்கத்துக்காரர். செம்மறியும் வெள்ளாடும் கலந்து பெரிய கிடை வைத்திருந்தார். மாசியில் உளுந்தும் பருத்தியும் எடுத்து முடித்து, கரிசல் காடுகள் வெடித்துக் கிடக்கும் காலத்தில் கிடையைக் கிளப்புவார். பகலில் அறுத்த தாளில் மேயவிட்டு, ராத்திரி விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியின் காட்டில் ஆடுகளைக் கிடத்துவார். புழுக்கையும் மூத்திரமும் அந்தக் காட்டுக்கு உரம். மறுநாள் பக்கத்துக் காடு, அதற்கு மறுநாள் அடுத்தது. இப்படி நகர்ந்து நகர்ந்து சித்திரை, வைகாசியில் பசுவந்தனைக்குத் தெற்கே ஒரு ஊருக்கு வந்து சேர்வார். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இப்போதும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

அவரைப் பெரிய விவேகி என்று நான் சொல்ல மாட்டேன். தடுப்பூசிக்குப் பயந்து சினையாடுகளை ஓடைக்குள் ஒளித்து வைத்தவர். ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் மூன்று பேரிடம் மருந்து கேட்டு, மூன்றையும் கொடுத்துவிட்டு, நாலாவதாக என்னிடம் வருபவர். வாய்த் துடுக்கு உண்டு. கோபம் வந்தால் ஆட்டைத் திட்டுகிற சாக்கில் எதிரில் நிற்பவரைத் திட்டுவார். ஆனால் அவருக்கு ஒரே ஒரு மகள், அவள் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். அவளை அந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார். புதூர்ப் பக்கம் மாப்பிள்ளை கிடைக்கவில்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கெடைக்காம என்ன. மத்த அப்பன்மாரெல்லாம் பொங்கலுக்கும் தீவாளிக்கும் மக வீட்டு வாசல்ல போயி விருந்தாளியா நிப்பான். நான் ஆட்டோட போயி ஊர்க் காட்டுல கெடப்பேன். வருசத்துல ஒரு மாசம் அவ கையால கஞ்சி. எவனுக்குக் கெடைக்கும் சொல்லுங்க."

அப்படித்தான் நடந்தது. பொழுது இறங்கும் நேரத்தில் அவள் தூக்குச் சட்டியோடு வரப்பில் வருவதை நானே பார்த்திருக்கிறேன். கிடையை நெருங்கும்போது, சட்டியை ஒரு கையிலும் சேலைக் கொசுவத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடையை விரைவாக்குவாள். அவர் அவளைப் பார்க்காததுபோல ஒரு ஆட்டின் குளம்பைத் தூக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்து நின்ற பிறகு, "ஏட்டி, வந்துட்டியா" என்பார், எதிர்பாராதது போல.

அந்த ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வைகாசியில் நடக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் தூரதேசங்களில் முறுக்குக் கம்பெனிகளிலும் இனிப்புக் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள். கொடைக்கு லீவு போட்டு வந்து, ஆளுக்கொரு நேர்த்திக் கிடாயைச் சந்தையில் பிடிப்பார்கள். அந்தக் கிடாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. அதைத் தனியே கட்டிப்போடக் கூடாது. தனியே நின்று கத்தினால் சாமிக்கு ஆகாது என்பார்கள். கொடை நாள் வரைக்கும் வீட்டு ஆடுகளோடு சேர்த்துத் தொழுவத்தில் விடுவார்கள். எங்கிருந்தோ லாரியில் வந்த ஆடு, எந்த மாநிலத்து ஆடு என்று யாருக்கும் தெரியாது, ஊரின் ஒவ்வொரு தொழுவத்திலும் ஒன்று. புதிதாக வாங்கிய ஆட்டைச் சில வாரம் ஒதுக்கி வைத்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் கையேடு சொல்கிறது. கையேட்டை எழுதியவருக்கு நேர்த்திக்கடன் எதுவும் இருந்திருக்காது.

மகளின் புருசனும் ஒரு கிடாய் வாங்கி வந்தான். அது மற்ற ஆடுகளை முட்டித் தள்ளியது, இரை எடுக்கவில்லை. மாமியார்க்காரி சொன்னாள், "ஒங்க அப்பா கிடைதான் கிழக்கே கெடக்குல்லா, ரெண்டு நா அங்கன விடு, கூட்டத்துல நின்னா தின்னும்" என்று. மகள் கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அப்பாவிடம் விட்டாள். கொடைக்கு முதல் நாள் போய்ப் பிடித்து வந்தாள். கிடாய் வெட்டுப்பட்டது. கறியும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கொடை முடிந்து ஊர் ஆடுகள் ஒவ்வொன்றாக மூக்கொழுகத் தொடங்கின. கண்ணில் பீளை, வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல். இதை ஆட்டுக்கொல்லி நோய் என்று எங்கள் துறையில் சொல்வோம். பெயர் வைத்தவர் மிகைப்படுத்தவில்லை. உண்மையில் ஒன்றிரண்டு வீடுகளில் கொடைக்கு முன்பே மூக்கொழுகல் இருந்திருக்கிறது. மாதிரி எடுக்க நான் போனபோது ஒரு வீட்டு மருமகள், மாமியார் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னாள்.

"சந்தைக் கெடாதான் சார் முதல்ல ஒழுக்குச்சு. மஞ்சளத் தடவி, சாக்கப் போட்டு மறைச்சு வச்சிருந்தாவ. சாமிக்கு விட்டதுல குறைன்னு வந்தா கேவலம்லா. நான் சொன்னேன்னு சொல்லிராதிய, எங்க அத்த என்னையும் சேத்து வெட்டிருவாவ."

ஊருக்குள் நோய் சாக்குக்குப் பின்னால் இருந்தது. கிடை திறந்த காட்டில் இருந்தது. அதனால் ஊர் கண்ட முதல் செத்த ஆடு கிடைக்காரருடையது.

அப்போது அவர் ஒரு காரியம் செய்தார். கிடைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. சீக்குக் கண்ட இடத்தில் கிடையை வைத்திருக்கக் கூடாது, இடம் மாற்ற வேண்டும். மாற்றுவதை ஒருவரிடமும் சொல்லக் கூடாது. சொல்லிக்கொண்டு கிளம்பினால் சீக்கும் கேட்டுக்கொண்டு பின்னால் வரும். ஆகவே விடியுமுன் எழுந்து, குட்டிகளை அடைக்கும் கூடுகளை வண்டியில் ஏற்றி, கிடையைக் கிளப்பி ஓட்டப்பிடாரம் பக்கம் போய்விட்டார். காட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. காலைக் கஞ்சி கொண்டு அவள் தூக்குச் சட்டியோடு வந்து வெறும் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவள் திரும்பி வருவதை ஊர் பார்த்தது. அதற்குமேல் ஊருக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

ஓட்டப்பிடாரம் பக்கம் தேடிப் போய் அவர் ஆடுகளிலும் மாதிரி எடுத்தேன். பிறகு அவரை அழைத்துக்கொண்டு ஊர்க் கூட்டம் நடக்கும் அந்த ஊர் மடத்துக்குப் போனேன். நேரில் பேசினால் தீரும் என்று நினைத்தேன். ஊர்த் தலைவர் எனக்கு நாற்காலி போட்டார். கிடைக்காரருக்குப் போடவில்லை.

"டாக்டர் சார், குத்தம் இல்லாதவன் எதுக்கு விடியுமுன்ன ஓடணும்? நீங்க படிச்சவிய, நீங்களே சொல்லுங்க."

"ஓடலய்யா. இடம் மாத்துனேன். எங்க அய்யா காலத்துல இருந்து வழக்கம்" என்றார் கிடைக்காரர்.

"சொல்லாம மாத்துறதுக்கு எங்க ஊர்ல ஓட்டம்னுதான் பேரு."

"சொன்னா சீக்கும் கூட வருமே."

"இப்ப மட்டும் அது எங்கன போச்சாம்? ஒம்ம கூட வந்ததுல பாதிய இங்கன விட்டுட்டுப் போயிட்டீரு."

மடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகளின் மாமியார் பெண்கள் பக்கமிருந்து சொன்னாள், "எங்க கெடா நல்லாத்தான் போச்சு. இவிய கிடையில ரெண்டு நா நின்னுட்டு வந்து தொழுவத்தையே காலி பண்ணிட்டு." மகள் அவளுக்குப் பின்னால் நின்றாள். கிடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கிடை இனி ஊர் எல்லைக்குள் வரக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. மகள் இனி அப்பன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று மாமியார் வீடு முடிவு செய்தது. நான் எழுந்து, மாதிரிகளை மரபணு வரிசை பார்க்க அனுப்பியிருக்கிறேன், எங்கிருந்து எங்கே போனது என்று அது சொல்லிவிடும் என்றேன். ஊர்த் தலைவர் மரியாதையாகவே பதில் சொன்னார்.

"வரட்டும் சார். ஒங்க கடுதாசி வந்து நாங்க சொல்லுதது தப்புன்னு சொல்லட்டும். மால போட்டு நாங்களே கூட்டிட்டு வாரோம். அதுவரைக்கும் அவரு தொரட்டி எல்லைக்கு அந்தப்புறமே நிக்கட்டும்."

திரும்பி வரும் வழியில் கிடைக்காரர் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, செத்த ஆடு எப்படிச் சாட்சி சொல்லும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். ஒரு ஆட்டிலிருந்து இன்னொரு ஆட்டுக்குப் போகும்போது அந்தக் கிருமி தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டே போகிறது. நகல் எடுப்பதில் அதுவும் எங்கள் அலுவலகத் தட்டச்சர் மாதிரிதான், எங்காவது ஒரு எழுத்தை மாற்றிவிடும். விழுந்த பிழை அடுத்த நகல்களிலும் அப்படியே வரும், கூடவே புதிய பிழையும் சேரும். ஊர் ஆட்டில் இருப்பதையும் கிடை ஆட்டில் இருப்பதையும் வேறு மாவட்டங்களில் கிடைத்ததையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது எதிலிருந்து பிரிந்தது என்று ஒரு கிளை மரம்போல வரையலாம். நோய் எந்தச் சாலை வழியாக எந்த ஊருக்கு வந்தது என்பதை இப்போதெல்லாம் அப்படித்தான் தேடுகிறார்கள்.

அவர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "அப்ப, பிழை கூடுதலா இருக்கவன் பின்னால வந்தவன்" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். "நம்ம ஆட்டுல கூடுதலா இருக்கணும்னு வேண்டிக்கிடுதேன்" என்றார். ஆட்டுக்கு நோயின் பிழை கூட வேண்டும் என்று நேர்ந்துகொண்ட முதல் கிடைக்காரர் அவராகத்தான் இருப்பார்.

நோய் ஆட்டுக்கொல்லிதான் என்ற முடிவு சீக்கிரமே வந்தது. அது எங்களுக்கு முன்பே தெரியும், செத்த ஆடுகளுக்கும் தெரியும். மரபணு வரிசை மட்டும் வரவில்லை. அந்த ஆய்வகத்தின் பெயரையும் சொல்ல வேண்டாம். இருக்கிற ஆய்வகங்கள் எல்லாமே தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். முதல் நினைவூட்டுக்கு, கருவி பழுது என்று தொலைபேசியில் சொன்னார்கள். அடுத்ததற்கு, வேதிப்பொருள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டுள்ளது என்றார்கள். பிறகு நான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவர் கேட்டால் அவருக்குச் சொல்லத் தேவையில்லை என்றார்கள். சரி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஆய்வு நிலுவையில் உள்ளதால் தகவல் உருவாகவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். எந்த வாசலை எப்படித் தட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அத்தனை வாசல்களுக்கும் பின்னால் ஒரே அறைதான் இருந்தது, அதில் ஆள் இல்லை.

கிடைக்காரர் இப்போது அலுவலகத்துக்குப் பதில் என் வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் மந்தை குறைந்திருந்தது. நோயில் போனது போக மிச்சத்தை விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஊரின் பேச்சு அவருக்கு முன்னால் நடந்து மற்ற ஊர்களுக்கும் போய்விட்டது, காடு கொடுக்க ஆள் இல்லை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. மகள் மாசமாக இருக்கிறாள் என்று யார் மூலமோ தெரிந்துகொண்டு வந்து சொன்னார். தலைப்பிரசவம் அப்பன் வீட்டில் நடக்க வேண்டும். அதற்குள் கடுதாசி வந்துவிடுமா என்று கேட்டார்.

வரவில்லை. பிரசவம் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நடந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பும் அன்று, எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடையில் நானும் அவரும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் எங்களைப் போகச் சொல்லவும் முடியாமல், இன்னொரு டீ போடவா என்று கேட்கவும் முடியாமல் இருந்தார். மத்தியானத்துக்கு மேல் அவர்கள் வெளியே வந்தார்கள். முன்னால் மாமியார், குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். பின்னால் மகள், சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். அவள் எங்களைப் பார்த்தாளா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆட்டோவில் ஏறும்போது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், வெயிலுக்கும் அப்படித் துடைக்கலாம். ஆட்டோ போன பிறகு கிடைக்காரர் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"மூக்கு எங்க அம்மா மூக்கு, பாத்தியளா. வேற ஒண்ணும் பாக்க முடியல" என்றார்.

அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கியிருந்த ஒரு மாசி மாதத்தில் அவர் கடைசியாக என் வீட்டுக்கு வந்தார். கையில் கம்பு இல்லை. கடைசி ஆடுகளையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். முதல் தடவையாக, நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டாக்டரய்யா, அந்தக் கடுதாசிய நிப்பாட்ட முடியுமா?"

"ஏன் அண்ணாச்சி?"

"அன்னைக்கு ஜீப்புல நீங்க சொன்னதத்தான் யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். நம்ம ஆடு பின்னால வந்ததுன்னு அது சொல்லுதுன்னு வச்சுக்கிடுங்க. அப்ப முன்னால வந்தது எது? எங் கிடைக்குள்ள வெளி ஆடுன்னு வந்தது ஒண்ணே ஒண்ணுதான. அத யாரு புடிச்சுட்டு வந்தா?"

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கிடைய அழிச்சது அவ கூட்டிட்டு வந்த கெடான்னு ஆயிரும். பெத்த அப்பன் மந்தைய அழிச்சவன்னு அவ மாமியாக்காரி சொல்லுவா. சொல்லாட்டாலும் அவளுக்கே தோணிரும். அந்தப் பிள்ளைக்குத் தோணிரக் கூடாது."

எந்த ஆட்டிலிருந்து எந்த ஆட்டுக்கு என்று அவ்வளவு குறிப்பாக அந்த ஆய்வு சொல்லாது என்றேன். ஊர் ஆடுகளும் கிடை ஆடுகளும் ஒரே அறுப்புத் தாளில் மேய்ந்தவைதானே என்றேன். நான் சொன்னது உண்மைதான், அறிக்கைகளில் அப்படித்தான் எழுதுவார்கள். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்ல மாட்டிய, ஊரு சொல்லும். வேண்டாம். எம் மேலயே கெடக்கட்டும். எனக்குத்தான் அது பழகிப்போச்சே."

கொடுத்த மனுவைத் திரும்பப் பெறவும் ஒரு முறை இருக்கிறது. முந்தைய கடிதங்களின் எண்களைக் குறிப்பிட்டு, காரணம் சொல்லாமல், ஒரு பத்தியில் எழுத வேண்டும். எழுதி அன்றே அனுப்பினேன். அதற்கும் பதில் வரவில்லை.

பங்குனியில் அவர் இறந்தார். நெஞ்சுவலி என்றார்கள். புதூர்ப் பக்கம் அவர் ஊருக்கு நான் போயிருந்தேன். மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள், இடுப்பில் குழந்தை, கூட ஒருவரும் இல்லை. மாமியார் வீட்டில் சொல்லிவிட்டு வந்தாளோ சொல்லாமல் வந்தாளோ. அப்பனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் கட்டிக்கொண்டு அழ வந்தபோது அவள் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டிலிருந்து கோடித் துணி வர வேண்டும். அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். காத்திருப்பதாக யாரும் சொல்லவில்லை, சாலைப் பக்கம் பார்த்தார்கள், அவ்வளவுதான். பிறகு வெயில் ஏறுகிறது என்று ஒருவர் சொன்னார், தூக்கிவிட்டார்கள். துட்டி கேட்டுத் துக்கம் விசாரிக்க அந்த ஊரிலிருந்து ஒரு ஆண்பிள்ளைகூட வரவில்லை. ஆண்டாண்டாக அவர் ஆடுகள் கிடந்து உரமேறிய காடுகள் அங்கே எத்தனையோ உண்டு.

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது. என் பழைய அலுவலகத்துக்குப் போய், அங்கே யாரோ ஒருவரின் மேசையில் ஓய்வெடுத்து, மறுமுகவரி எழுதப்பட்டு என் வீட்டுக்கு வந்தது. இரண்டு தாள், ஒரு கிளை மரப் படம். ஊர் ஆடுகளில் இருந்த கிருமி, வெளிமாநில வியாபார ஆடுகளில் கண்ட கிளையைச் சேர்ந்தது. கிடை ஆடுகளில் இருந்ததும் அதே கிருமிதான், ஆனால் ஊர் ஆடுகளின் மாற்றங்கள் எல்லாம் அதில் இருக்க, மேற்கொண்டு ஒன்று கூடியிருந்தது. கிடையிலிருந்து ஊருக்கு என்பதைவிட ஊரிலிருந்து கிடைக்கு என்பதோடு இம்முடிவு ஒத்துப்போகிறது என்று எழுதியிருந்தார்கள். நன்றாக எழுதப்பட்ட அறிக்கை, ஒரு குறை சொல்ல முடியாது. படத்தில் ஊர் மாதிரிகளின் எண்கள் ஒரு கொத்தாக இருந்தன. கிடையின் எண்கள் அந்தக் கொத்தில் ஒரே ஒரு எண்ணுக்குக் கீழே தொங்கின. அது எந்த வீட்டுத் தொழுவம் என்பது எனக்கு நினைவிருந்தது. அந்தத் தொழுவத்தில் நான் மாதிரி எடுத்தபோது ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மகள்தான்.

மனுவைத் திரும்பப் பெறச் சொன்னவர் செத்துப்போனார், பெயர் மட்டும் அங்கே கெட்டுக் கிடக்கிறது. இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு ஊர்த் தலைவரிடம் போனேன். நோய் சந்தைக் கிடாய்களோடு வந்தது, கிடையோடு வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"சாமிக்கு விட்ட கெடாவுலயா சார்?"

"ஆமா."

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தாளை மடித்துத் தந்தார். "பாவம், மனுசன் இருந்திருந்தா வார வருசம் நம்ம காட்டுலயே கிடை போடச் சொல்லிருக்கலாம்" என்றார். மாலையைப் பற்றி நானும் கேட்கவில்லை.

அவர் சொல்லி ஊருக்குத் தெரிந்து, இரண்டு மூன்று நாளில் மகள் என் வீட்டுக்கு வந்தாள். இந்த முறை அவள் புருசனே பைக்கில் கொண்டுவந்து விட்டிருந்தான். உள்ளே வராமல் தெருவிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு அறிக்கையைக் கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல என்னிடம் விதி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படத்தை விரலால் தொட்டுத் தொட்டு மேலே போனாள், கீழே வந்தாள். எண்களைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை.

"அங்கன இருந்து இங்கன வரல. இங்கன இருந்துதான் அங்கன போயிருக்கு. அப்படித்தான டாக்டரய்யா?"

"ஊர் ஆடு எல்லாம் கிடையோடதானம்மா மேஞ்சுது. எந்த ஆடுன்னு இது சொல்லாது."

"நாந்தான் கயித்தப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். வரமாட்டேன்னு அது காலை ஊனிக்கிட்டு நின்னுச்சு. அப்பா எதுக்க வந்து வாங்கிக்கிட்டாவ."

அவள் அழவில்லை. தாளைத் திருப்பி, கடைசியில் அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள். ஜனவரி என்று இருந்தது. அவர் என் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து அதை நிறுத்தச் சொன்ன அன்று, அது எழுதி முடித்து எங்கோ ஒரு தபால் பிரிவில் கிடந்திருக்கிறது.

"அப்பா இருக்கும்போதே எழுதிட்டாவளே" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள். "அப்பாவுக்கு இது தெரியுமா டாக்டரய்யா?"

உள்ளே வரும் எந்தத் தபாலுக்கும் வந்த தேதியைப் போட்டு வைப்பது எனக்குச் சர்விஸில் வந்த பழக்கம், ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. உறையை எடுத்து, மூலையில் நான் எழுதியிருந்ததை அவளுக்குக் காட்டினேன். அவள் அதைப் படித்தாள். பங்குனியிலிருந்து மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். இன்னொரு முறை படித்தாள்.

பெறப்பட்டது, ஆகஸ்ட் பதினொன்று.